ஒரு டம்ளருக்கு இரண்டு ரயில்

செம்பூர் ஸ்டேஷனை ஒட்டிய அந்தப் பழைய கட்டடத்தில் யாரும் நீளமாக ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடித்ததில்லை. பாதி பேசும்போதே ஜன்னலுக்கு வெளியே லோக்கல் ரயில் தடதடவென்று வந்துவிடும். எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

மூன்றாம் மாடியில் இருந்த சாதனாவுக்கு இது எவ்வளவு பழகிவிட்டது என்றால், வகுப்பில் பதில் சொல்லும்போதுகூட நடுவில் நிறுத்திவிடுவாள். "என்ன ஆச்சு?" என்று டீச்சர் கேட்டால், "ஒண்ணுமில்ல மிஸ், பழக்கம்" என்பாள்.

சாதனா ஐந்தாம் வகுப்பு. அவள் அம்மா சுஷ்மாவுக்கு கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் வேலை. விடிந்தும் விடியாமலும் ரயில் பிடிக்க ஓடுவாள். அம்மாவுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. காபி மேல் மட்டும் கொள்ளை ஆசை. இந்த வருஷம் தீபாவளி போனஸில் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கினாள்.

மெஷின் வந்தால் போதுமா? நல்ல கொட்டை வேண்டாமா? அம்மாவும் சாதனாவும் மாதுங்கா கடைத்தெருவில் ஏறி இறங்கினார்கள். ஒரு கடையில் கொட்டை பழசு. இன்னொரு கடையில் கரியாகும்வரை வறுத்திருந்தார்கள். அடுத்த கடையில் அம்மா ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுதான்" என்றாள்.

"பீபெரி, உருண்டைக் கொட்டை. நேத்து வறுத்தது. அரைச்சுத் தரட்டுமா? சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அரைக்க வேண்டாம். சிக்கரியும் வேண்டாம். முழுசா அப்படியே குடுங்கோ."

கடைக்காரர் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். அம்மா கவலைப்படவில்லை. அரைத்த பொடி அரை மணியில் பாதி வாசனையை விட்டுவிடும் என்பது அவள் கட்சி. குடிக்கும்போதுதான் அரைக்கவேண்டும்.

மறுநாள் காலை மெஷின் கர்ர்ர் என்று கத்தியது. பொடி ஃபில்டருக்குள் போனது. டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அம்மா முதல் வாய் குடித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. வெளியே ரயில் எதுவும் போகவும் இல்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"இத்தனை வருஷமா நான் குடிச்சதெல்லாம் காபியே இல்லடி" என்றாள் அம்மா. அப்பா சாதனாவைப் பார்த்துச் சிரித்தார். அவர் டீக் கட்சி. காபி விஷயத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு சபா அக்கா, தோளில் குழந்தை மெஹராஜோடு நின்றுகொண்டிருந்தாள். சபாவின் கண்கள் சிவந்திருந்தன. வீட்டுக்காரர் ஷகீல் தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருந்தார். அவர் கிளம்பிவிட்டால் நாள் முழுக்க அவளும் குழந்தையும்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றாள் சபா. "விடியக்காலம் உங்க வீட்டுல என்னமோ மிஷின் ஓடுதுல்லா? அந்தச் சத்தத்துல பிள்ள முழிச்சிருது. அப்புறம் உறங்கவே மாட்டேங்கா. ராத்திரி பூரா இவளோட முழிச்சுக் கெடந்து, விடியுற நேரத்துலதான் நானும் கொஞ்சம் கண்ணசருவேன்."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. சமையலறைக்கு நேர் கீழேதான் மெஹராஜின் தொட்டில்.

"ஐயோ சபா, எனக்குத் தோணவே இல்லையே! இனிமே சத்தம் வராது. நான் சொல்றேன் பாரு."

சபா இறங்கிப் போனதும் அம்மா மெஷினைத் துடைத்துப் பரண்மேல் வைத்தாள். முலுண்டிலிருந்த தன் அண்ணனுக்கு போன் போட்டாள். "அண்ணா, காபி மெஷின் வாங்கணும்னு சொல்லிண்டிருந்தியே. என்னோடதை எடுத்துக்கோ. ஞாயித்துக்கிழமை வா."

"ஏம்மா குடுக்கறே?" சாதனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரு குழந்தையோட தூக்கத்தைக் கெடுத்துக் காபி குடிச்சா, அது தொண்டைக்குள்ள இறங்காதுடி."

மறுநாள் பாக்கெட் பொடிக் காபி. அம்மா பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, "லேட்டாயிடுத்து" என்று கிளம்பினாள். ஒன்றும் லேட்டாகவில்லை என்று சாதனாவுக்குத் தெரியும். அம்மா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்த ஒன்றுதான். அதை முலுண்டுக்கு அனுப்பக்கூடாது என்று சாதனா தீர்மானித்துவிட்டாள்.

"ராத்திரியே அரைச்சு வெச்சுடலாமே?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"காலம்பறக்குள்ள வாசனை ஊர் சுத்தப் போயிடும். அதுக்கு பாக்கெட்டே தேவலை."

அன்று சாயங்காலம் சாதனா மெஷினைப் பரணிலிருந்து இறக்கி, கம்பளியால் சுற்றி ஓடவிட்டாள். சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் சூடேறிக் கருகல் வாசனை வந்தது. அம்மா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"மெஷினுக்கு என்ன ஜுரமா? கம்பளி போர்த்தி விட்டிருக்கே!"

அடுத்த நாள் பள்ளி விட்டு வரும்போது, படிக்கட்டில் சபா அக்காவைப் பார்த்தாள். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் தூங்கும் மெஹராஜ்.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"எங்க? இவளை இறக்கிவிட்டா முழிச்சிருவா."

"என் மடியில விடுங்க. நான் ஆடாம உக்காந்துக்கறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

கீழ்வீட்டுக்குள் போனதும் மெஹராஜ் சாதனாவின் மடிக்கு மாறினாள். அவள் சிலை மாதிரி உட்கார்ந்தாள். மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளவில்லை. கால் மரத்துப்போனது. அசைக்கவில்லை.

அப்போது வாஷி போகும் ரயில் வந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மேஜைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. போச்சு, குழந்தை எழுந்துவிடும் என்று சாதனா பயந்தாள். மெஹராஜ் இமையைக்கூட அசைக்கவில்லை.

ரயில் போய்ச் சற்று நேரத்தில், சமையலறையில் சபாவின் கையிலிருந்து ஒரு கரண்டி தவறி விழுந்தது. ணங்! அவ்வளவுதான். மெஹராஜ் வீலென்று அழ ஆரம்பித்தாள்.

சாதனா குழந்தையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு கரண்டிக்கு இந்த அழுகை! அத்தனை பெரிய ரயிலுக்கு ஒன்றுமே இல்லையா?

"ரயில் சத்தத்துக்கு இவ எழுந்துக்க மாட்டாளா அக்கா?"

"அதுக்கா? வயித்துல இருக்கப்பவே கேட்ட சத்தம்லா! அது இவளுக்குத் தாலாட்டு மாதிரி" என்றாள் சபா, கையைத் துடைத்துக்கொண்டே.

சாதனா துள்ளி எழுந்திருப்பாள். கால் மரத்திருந்ததால் முடியவில்லை.

"அக்கா, ரயில் போறப்போ மட்டும் எங்க மெஷின் ஓடினா?"

சபா ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நல்ல ஆளுதான் நீ! செஞ்சு பாப்போம். பிள்ள முழிச்சா உடனே போன் போடுதேன். நிறுத்திரணும், சரியா?"

மறுநாள் விடியற்காலையில் சாதனா ஜன்னலில் நின்றாள். அம்மாவின் விரல் சுவிட்சின்மேல் இருந்தது. ரயிலின் விளக்கு தெரிந்தது. தரை அதிர ஆரம்பித்தது.

"வருது... வருது... போடு!"

தடதட தடதட. கர்ர்ர்ர்.

"நிறுத்து!"

இருவரும் போனையே பார்த்தார்கள். போன் சமர்த்தாக இருந்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள்.

"அரை டம்ளருக்குத்தான்டி ஆச்சு."

"இரும்மா. எதிர்ப்பக்க வண்டி வரட்டும்."

வந்தது. மீதியும் அரைபட்டது. சபா போன் செய்யவே இல்லை. சத்தமாகச் சிரித்தால் குழந்தை எழுந்துவிடுமே என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காபிக்கு ரயில்தான் அளவு. ஒரு டம்ளருக்கு இரண்டு ரயில். "இன்னிக்கு ஆபீஸ்ல ஆடிட்டிங். எனக்கு மூணு வண்டி வேணும்" என்பாள் அம்மா. சாதனா கொடியில்லாத ரயில் கார்டு மாதிரி ஜன்னலில் நிற்பாள். மெஷின் பிழைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தாள்.

இந்தக் குஷியில் முலுண்டுக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்ல அம்மா மறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவின் அண்ணன் பஞ்சு மாமா பெரிய பையோடு வந்து நின்றார். வேர்த்து வழிந்தது.

"மெகா பிளாக்காம்! தண்டவாள ரிப்பேர். குர்லாவுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி கிடையாது. ஆட்டோல வந்தேன். சாயங்காலம்தான் வண்டி விடுவான். முதல்ல ஒரு காபி போடு சுஷ்மா. மெஷினோட கைவரிசையைப் பார்த்துட்டே எடுத்துண்டு போறேன்."

அம்மாவும் சாதனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயில் இல்லையென்றால் காபி ஏது? அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். மாமா தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"அரே, அப்போ ரயில்வே லீவு விட்டா காபிக்கும் லீவா? பேஷ்!" சிரித்து முடித்ததும் அவர் குரல் மாறியது. "விளையாட்டு போறும் சுஷ்மா. எத்தனை நாளைக்கு ஜன்னலைப் பார்த்துண்டு நிப்பேள்? என் வீட்டுக்குக் கீழே பார்க்கிங்தான். நான் அரைச்சா எந்தக் காரும் முழிச்சுண்டு அழாது. என்கிட்ட குடுத்துடு."

அம்மா மெஷினைத் துணியால் மெதுவாகத் துடைத்தாள். அவள் கொடுக்கத் துணிந்துவிட்டாள் என்று சாதனாவுக்குப் புரிந்தது.

அப்போதுதான் கீழிருந்து அழுகை கேட்டது. மெஹராஜ் விடாமல் அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அழுகை படியேறி வாசலுக்கே வந்துவிட்டது.

"உங்களைக் குத்தம் சொல்ல வரலக்கா" என்றாள் சபா. அவளும் அழுதுவிடுவாள் போலிருந்தது. "மிஷின் ஓடலன்னு எனக்குத் தெரியும். பால் குடிச்சா. காய்ச்சல் இல்ல. ஆனா கண்ணை மூட மாட்டேங்கா. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

அம்மா குழந்தையின் நெற்றியைத் தொட்டாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பஞ்சு மாமா கோணங்கி முகம் காட்டினார். அழுகை இரண்டு மடங்கானது.

சாதனா ஜன்னலைப் பார்த்தாள். தண்டவாளத்தில் இரண்டு காக்கைகள் நிதானமாக நடந்துகொண்டிருந்தன. கட்டடமே வேறு ஊர் மாதிரி அமைதியாக இருந்தது.

அவள் ஒரு கைப்பிடி கொட்டையை மெஷினில் போட்டாள். சுவிட்சை அழுத்தினாள்.

கர்ர்ர்ர்!

"ஏய் சாதனா!" என்று அம்மாவும் மாமாவும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மெஹராஜின் வாய் திறந்தபடியே நின்றது. அழுகையைக் காணோம். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

மெஷின் நின்றது. குழந்தையின் உதடு பிதுங்கியது. சாதனா இன்னொரு கைப்பிடி போட்டாள். உதடு நேரானது.

"அவளுக்கு ரயில் சத்தம் வேணும் அக்கா! இன்னிக்கு ரயிலே வரலையே! தினம் ரயிலோட சேர்த்து இந்த மெஷினையும் கேட்டுப் பழகிட்டா!"

சபா வாயில் கை வைத்தாள். அம்மா ஓடிவந்து கொட்டை டப்பாவையே எடுத்துக்கொண்டாள். தேடித் தேடி வாங்கிய கொட்டை. ஒரு நாள் முன்னதாகக்கூட அரைக்கமாட்டேன் என்று அடம்பிடித்த அம்மா, அதைத் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள்.

"மொத்தமும் போயிடுமேம்மா!"

"போகட்டும்டி. நீ நிறுத்தாதே."

டப்பா காலியாகும் முன்பே மெஹராஜ் தூங்கிவிட்டாள். வீடு முழுக்கக் காபி வாசனை. அம்மா எல்லாருக்கும் காபி கலந்தாள். யாரும் டம்ளரை டக்கென்று கீழே வைக்கவில்லை. மாமா முதல் வாய் குடித்தார், புருவத்தை உயர்த்தினார், அப்புறம் மெதுவாகப் பையை எடுத்தார்.

"பிரமாதம் சுஷ்மா. அப்போ மெஷினை நான்..." என்று கிசுகிசுத்தார்.

"எந்த மிஷினைச் சொல்லுதீங்க அண்ணே?" சபா நாற்காலியிலிருந்து அதைவிட மெல்லிய குரலில் கேட்டாள். ஆனால் குரலில் உறுதி இருந்தது. "அது எங்கயும் போகாது. எம்பிள்ளைக்கு வேணும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சாதனாவைப் பார்த்தாள். சாதனா மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"சரிம்மா தாயே, பொடியாவது கிடைக்குமா?"

பொடிக்கு என்ன பஞ்சம்? பெரிய டப்பா நிறையப் பொடி மாமாவின் பைக்குள் போனது.

சபா குழந்தையை அலுங்காமல் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, சாதனாவைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"அடுத்த மெகா பிளாக் என்னைக்குன்னு பாத்து முன்னாடியே சொல்லிரு, என்ன? காபிக்கொட்டை நான் வாங்கித் தாரேன்."