வாயாடிக்கு வேண்டிய இருவர்

கடை மூடுகிற நேரம் பார்த்துத்தான் மழைக்கும் வேகம் வந்தது. அவள் குடையை விரித்தபடி வாசலுக்கு வந்தாள்... அவன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். இருவரும் மோதிக்கொண்டதில் ஏதோ கீழே விழுந்து, அவள் செருப்புக்கு அடியில் நொறுங்கியது.

"என்னங்க அது?"

"என் கண்ணாடிங்க. காலைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா பொறுக்கிக்குவேன்."

கண்ணாடிக் கடை வாசலில், கண் பரிசோதிக்கிறவளே ஒருவனுடைய கண்ணாடியை மிதித்துவிட்டாள். வெளியில் தெரிந்தால் ஊரே சிரிக்கும்.

"கண்ணு தெரியாம ஓடி வந்தா இப்படித்தான்," என்றாள், பழியை அவன் தலையில் கட்டுகிற அவசரத்தில்.

"கண்ணு தெரிஞ்சுதாங்க ஓடி வந்தேன். இப்பதான் தெரியல."

அதையும் அவளுக்குப் பக்கத்தில் நின்ற விளம்பரப் பலகையைப் பார்த்துச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அணைத்த விளக்குகளை மறுபடி போட்டாள். பரிசோதனை அறையில் அவனை உட்கார வைத்தபோதுதான் அந்தக் கண்களைச் சரியாகப் பார்த்தாள். இமையில் மழைத்துளி... எதையும் சரியாகப் பார்க்க முடியாத, ஆனால் எதையும் மறைக்கவும் தெரியாத கண்கள்.

கணக்கு வாத்தியாராம். காலையில் முதல் வகுப்பாம். கண்ணாடி இல்லாவிட்டால் எந்தப் பையன் கொட்டாவி விடுகிறான் என்றுகூடத் தெரியாதாம்.

"லைட்டை அணைக்கிறேன்," என்றாள் அவள், வழக்கம்போல. "ஓடிப் போகமாட்டேன், பக்கத்துலதான் இருக்கேன்."

இருட்டில் அவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"இதை... உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"என்கூடப் படிச்ச ஒருத்தி."

"வாயாடியா?"

அவள் கையிலிருந்த கருவி மேசையில் தட்டியது.

வாயாடி. அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலமாயிற்று... பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பக்கத்து பெஞ்சு. கரும்பலகை தெரியாமலே தலையாட்டிக்கொண்டு, மக்கு என்று பெயர் வாங்கியிருந்த அவனை, "இவனுக்கு மூளையில கோளாறு இல்ல சார், கண்ணுலதான்," என்று தலைமை ஆசிரியர் முன்னால் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தியவள். அந்த ஒரு சம்பவத்தில் அவன் வாத்தியாராகிற வழிக்கு வந்தான். அவளும் கண்களைப் பற்றித்தான் படிப்பது என்று முடிவு செய்தாள். விடுமுறைக்கு வந்தால் அவன் கண்ணைச் சோதித்துத்தான் பழகுவாள்; விளக்கை அணைக்கும்போதெல்லாம் இதே வாக்கியம்தான்.

கல்லூரியில் அவளுக்கு அடுத்த இருக்கையில் இவள். இருட்டறையில் முன்பின் தெரியாதவரோடு நிற்க நடுங்கி, படிப்பையே விட்டுவிடப் பெட்டி கட்டியவள். "இருட்டுல அவங்களுக்கும் பயம்தான்டி. முதல்ல நீ பேசிடு," என்று அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்ததே வாயாடிதான். படிப்பு முடிந்த மறுவருஷமே ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அவன் வெகுதூரத்து ஊரில் வேலையில் இருந்தான். சாவுக்கு வர முடியவில்லை.

அன்று மழை விட்ட பிறகும் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

புதுக் கண்ணாடி வந்தது. அதை வாங்கிப்போன பிறகும் அவன் வந்தான். திருகாணி லூசாம்... மூக்கில் அழுத்துகிறதாம்... ஒருநாள் காரணமே யோசிக்காமல் வந்துவிட்டு, "ச்சும்மா," என்று அசடு வழிந்தான். அவளும் மாலையானால் வாசலையே பார்க்கப் பழகியிருந்தாள். பிரேம் பிரிவு அக்கா, "அந்தக் கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்ல, போட்டிருக்கிறவருக்குத்தான் முத்திப்போச்சு," என்று காதைக் கடித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அவன் அதைக் கேட்கிறவரை.

"வாயாடி சொல்றதை... இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

சொன்னாள். அவன் கண் கலங்கிவிட்டது. அவளுக்குள் ஏதோ அறுந்தது. 'இவர் என்னைப் பார்க்க வரவில்லை... என் வாயிலிருந்து அவளைக் கேட்க வருகிறார்.' இறந்துபோன சிநேகிதி மேல் பொறாமைப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது, தன் மேலேயே ஆத்திரமும் வந்தது. மறுநாளிலிருந்து அவன் தலை தெரிந்தாலே அக்காவைக் கவனிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒருநாள் மதியம் அவன் நேரே பரிசோதனை அறைக்கே வந்து நின்றான்.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி சரியா இருக்கில்ல? அப்புறம் என்ன?"

"நீங்க சரியா இல்லையே."

அவள் லென்ஸ் பெட்டியை மூடினாள். அடக்கிவைத்ததெல்லாம் வந்துவிட்டது. "நான் பேசுறது, நிக்கிறது எல்லாமே அவ சொல்லிக் கொடுத்தது. அவ இல்லாத குறைக்கு நான்னு நினைச்சு வராதீங்க சார். எனக்குத் தாங்காது... அவளை உங்களுக்குப் பிடிக்கும்தானே?"

"பிடிக்கும்." அவன் மழுப்பவில்லை. "பள்ளிக்கூடத்துல அவகிட்டயே சொல்லியும் இருக்கேன். விழுந்து விழுந்து சிரிச்சா. 'உனக்கு முதல்முதலா தெளிவாத் தெரிஞ்ச மூஞ்சி என்னோடதுடா, அதான்'னா. அவ சொன்னது சரி. அவளை நினைச்சா எனக்கு இப்பவும் அழுகை வரும். அதை உங்ககிட்ட மறைக்கணும்னு தோணல."

அவள் மூடின பெட்டியை மறுபடி திறந்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்குறேன். அவ யாரையாவது பேச விட்டிருக்காளா?"

அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு முட்டியது. "எங்க... புரொபசரையே விடமாட்டா."

"அத்தனை வருஷத்துல அவகிட்ட நான் முழுசா ஒரு வாக்கியம் பேசினதில்லங்க. நான் கேட்டுட்டே இருந்தவன். உங்ககிட்டதான்... எங்க அப்பாவைப் பத்தி, பசங்களைப் பத்தி, எனக்கு இருக்கிற பயத்தைப் பத்தியெல்லாம் உளறிட்டிருக்கேன். நீங்க கன்னத்துல கையை வச்சுக்கிட்டுக் கேக்குறீங்களே, அது அவ கத்துக்கொடுத்தது இல்ல. அவளுக்கே அது வராது. அதுக்காகத்தான் வர்றேன்."

ஜன்னலுக்கு வெளியே தெரு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளில் முதல்முறையாக, யாருடைய வாக்கியத்தையும் கடன் வாங்காமல் பேசினாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சாயங்காலம் நீங்க வரலைன்னா... அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது."