லின்சி ஏன் கையெழுத்துப் போட்டாள்?

"எம்புள்ள அதைச் செய்யலீங்க. செய்யாதவ எதுக்குங்க எழுதிக் குடுக்கோணும்?" என்று கேட்டாள் மெர்சி. போத்தனூர்க்காரி. சிங்காநல்லூர் நூற்பாலை ஒன்றில் தாயும் மகளும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். இப்போது மகள் லின்சி சிறையில் இருக்கிறாள்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க, அம்மணி" என்றார் துப்பறிவாளர் அழகிரிசாமி. உதவியாளர் பிரத்யுஷா அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

திருநீற்றுப் புதனன்று காலை, பஞ்சு பிரிக்கும் இயந்திரத்தின் மூடியை யாரோ திறந்து, மூடாமல் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் வந்த பாவாத்தாளின் சேலைத் தலைப்பு உள்ளே மாட்டி, அவளையும் சேர்த்து இழுத்தது. அவள் பிழைக்கவில்லை. திறந்தது லின்சி என்று, முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆலையின் கேமரா சொன்னது. போலீஸ் அந்தப் படத்தைக் காட்டியதும் லின்சி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டாளாம்.

"ஓடற மெஷின் மூடியை எதுக்குத் திறக்கறீங்க?"

"பஞ்சு அடைச்சுக்குமுங்க. நிறுத்துனா கேமரா நம்ம பேருல குறிச்சுப்போடும். மூணு குறி உழுந்தா வேலை போச்சு. அதனால எல்லாருமே ஓட ஓடத்தான் எடுப்போம்."

"படத்தை நீங்க பாத்தீங்களா?"

"எனக்கு யாருங்க காட்டறாங்க?"

மூவரும் ஆலைக்குப் போனார்கள். மெர்சியை மேலாளர் அறை வாசலில் உட்கார வைத்துவிட்டு மற்ற இருவரும் உள்ளே நுழைந்தார்கள். மேலாளர் பாலகோபாலுக்கு அந்தக் கேமராமேல் அப்படியொரு பெருமை. பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட மனிதர் அவ்வளவு பேசியிருக்க மாட்டார். படத்தை ஓடவிட்டார். தூசுக்காக மூக்கையும் வாயையும் துணியால் கட்டிய ஒரு பெண், தலையில் தொப்பி. தெரிந்தது கண்ணும் நெற்றியும்தான். நெற்றியில் கருஞ்சாம்பல் சிலுவை. கீழே எழுத்து: லின்சி, 97 சதவீதம்.

"யாருன்னு தெரியலைன்னு இது சொல்லவே சொல்லாதுங்களா?"

"மொதல்ல சொல்லிட்டு இருந்துச்சுங்க. அப்புறம் நான் யாரைப் புடிச்சுக் கேக்கறது? எப்படியும் ஒரு பேரு சொல்லியே ஆகோணும்னு மாத்திப்போட்டோம்."

லின்சியை அடையாளம் காட்டுவதற்காகக் கேமராவுக்குக் கொடுத்த பழைய புகைப்படத்தை அழகிரிசாமி கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிலும் நெற்றியில் சிலுவை.

"இது எப்ப எடுத்தது?"

"போன வருஷம் கேமரா மாட்டுன அன்னிக்குங்க. மெர்சி அன்னிக்கு லீவு. அவளைப் பின்னாடிதான் எடுத்தோம். ஆனா, நெத்தியில திருநீறு இங்க பாதிப்பேரு வெப்பாங்களே?"

"அவங்க பட்டையாப் போடுவாங்க. சிலுவை போடறது கத்தோலிக்கர், அதுவும் வருஷத்துல ஒரே நாள், திருநீற்றுப் புதன் பூசையில. மூஞ்சி பாதி மூடியிருந்தா உங்க கேமரா மெஷினுக்கு அந்தச் சிலுவைதான் லின்சி. இங்க கத்தோலிக்கர் எத்தனை பேரு?"

"தாயும் மகளும் ரெண்டே பேருங்க."

பிரத்யுஷாவுக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கே ஓடினாள். "அக்கா, இந்த வருஷம் லின்சி காலைப் பூசைக்கு வந்தாளா?"

அழகிரிசாமி கையை உயர்த்தித் தடுக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இல்லீங்க கண்ணு, அவ தூங்கிப்போட்டா. சாயங்காலம் போறேன்னா. நான் மட்டும் அஞ்சு மணிப் பூசைக்குப் போய்ப்போட்டு அப்படியே ஷிப்டுக்கு வந்தேன்." மகளைக் காப்பாற்றும் பதிலைச் சொல்லிவிட்டோம் என்று மெர்சியின் முகம் மலர்ந்தது. பாவி மனுஷி.

பாலகோபால் அவளை உள்ளே அழைத்துத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

வெகுநேரம் பார்த்தாள். "மூடிப்போட்டுத்தான் வந்தேன்னு நெனச்சேனுங்க" என்றாள்.

"மெஷினுக்கு உங்களைத் தெரியலைங்க, அம்மணி" என்றார் அழகிரிசாமி. "உங்க புள்ளைக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தான் கையெழுத்து."

மெர்சி அன்றே காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சிலுவை விஷயத்தை அழகிரிசாமி எழுதியே கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சிறைக்குப் போய் லின்சியை விசாரித்தார். "என்னைக் காப்பாத்த அம்மா பொய் சொல்றாங்க சார்" என்று அவள் சாதித்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னா எதைங்க நம்பறது? மெஷினையே மறுபடி கேட்டுட்டோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "லின்சி, தொண்ணூத்தேழு."

மெர்சியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.