கையெழுத்துப் போடாத பிணம்

"ஐயோ... போச்சே... எல்லாம் போச்சே!"

அலறல் மூன்றாவது மாடியிலிருந்து வந்தது.

படித்தவர்கள் நிறைந்த பல்கலைக்கழகக் கட்டடம் அது. அங்கே அலறல் கேட்டால் யாரும் ஓடி வர மாட்டார்கள். கதவைத் திறந்து பார்ப்பார்கள். நம் துறை இல்லை என்று தெரிந்தால் மூடிக்கொள்வார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் ஓடி வந்தார்.

மாஜி!

பாதி ஆயுசைப் போலீஸில் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு டாக்டர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று வந்து சேர்ந்த ஆசாமி. வீட்டில் சம்சாரம் விரட்டிவிட்டாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதுதான் நிஜமாக இருக்கும்.

"என்ன சிஸ்டர்? ஏன் கத்தறே?"

அலறிய பெண் வாசலில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்பவள். கையில் செங்கல் கனத்துக்கு ஓர் ஆய்வேடு.

"உள்ள பாருங்கண்ணே... நம்ம சார்..."

மாஜி எட்டிப் பார்த்தார்.

பேராசிரியர்!

மேஜை மேல் தலை கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை தொங்கியது. மூக்குக்கண்ணாடி தரையில். உருண்ட டம்ளரைச் சுற்றி டீக்கறை... காய்ந்துபோய்...

"செத்துட்டாராண்ணே?"

"சந்தேகமே வேணாம். இந்த மாதிரி கிடந்தா எங்க டிபார்ட்மென்ட்ல பிணம்னுதான் எழுதுவோம்."

"ஐயோ... கையெழுத்துப் போடாமயே போயிட்டாரே!"

அழுகை யாருக்காக என்று இப்போது புரிந்தது.

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்று மாலை ஐந்து மணியோடு அவளுடைய பதிவு காலாவதி. அதற்குள் வழிகாட்டியான பேராசிரியர் கையெழுத்துப் போட்டு, கீழே அலுவலகத்தில் ஆய்வேடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் பல வருட உழைப்பு பழைய பேப்பர் கடைக்கு!

"நாடியாவது பாக்கறேன், நகருங்க."

"தொடாதே!" மாஜி கையை விரித்து வாசலை மறித்தார். "குற்றம் நடந்த இடம்! இன்ஸ்பெக்டர் வரட்டும்!"

சிஸ்டர் நின்றுவிட்டாள். டாக்டர் சொல்லாமல் வார்டு ஜன்னலைக்கூடத் திறந்து பழகாதவள்.

அப்போதுதான்...

அறைக்குள் புத்தக அலமாரி ஓரமாக ஓர் உருவம் தெரிந்தது!

கையைக் கட்டிக்கொண்டு... அசையாமல்...

"யாரு அது?"

"வணக்கம். தயைகூர்ந்து மெல்லப் பேசுங்கள். ஆசான் துயில்கிறார்."

செந்தமிழ்!

வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பெண். புத்தகத்தில் தமிழ் கற்றதால் கிடைத்த பட்டப்பெயர் அது. அவளிடம் வழி கேட்டவன்கூடப் பயந்து ஓடியிருக்கிறான்.

"எவ்வளவு நேரமா இங்க நிக்கறே?"

"நண்பகல் முதல்."

"பிணத்தோடயா?" சிஸ்டர் இரண்டடி பின்வாங்கினாள்.

* * *

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு காலத்தில் மாஜியிடம் தொழில் பழகிய பெண். இப்போது மாஜி அவருக்கு சல்யூட் அடித்தார். காலம் அப்படி.

"அண்ணே, சல்யூட்டெல்லாம் வேணாம். யார் மேல சந்தேகம்?"

"மூணு பேர் மேலயும் மேடம்."

"மூணாவது யாரு?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, உங்களுக்கு என்ன பகை அவரோட?"

"பகையா? படாத பாடு படுத்திட்டார் மேடம். ஆரம்பத்துல அவர் எது சொன்னாலும் 'யெஸ் சார்'னு நின்னேன். அது அவருக்குப் பிடிக்கல. 'ஆராய்ச்சிக்காரன் தலையாட்டக் கூடாது. என்னையே சந்தேகப்படு, கேள்வி கேளு'ன்னார்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க, கூட யாருன்னு கேட்டேன். மூஞ்சி செத்துப்போச்சு!"

"அது சரி. நீங்க எழுதின ஆராய்ச்சி எப்படி?"

"ரெண்டு அத்தியாயம் கொடுத்தேன். 'மேற்படி புத்தகம், மேற்படி நபர்'னு இருந்துதாம். இது ஆராய்ச்சியா, குற்றப்பத்திரிகையான்னு கத்தினார். ஒரு பக்கத்துல நான் அவரையே ரெண்டாம் எதிரியா, அதான் குற்றவாளியாப் போட்டிருந்தேன்... அது பழக்கதோஷம்."

இன்ஸ்பெக்டர் செந்தமிழின் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா கல்லு மாதிரி நின்னே? ஒருத்தர் கவுந்து கிடக்காரு, எழுப்ப வேணாமா?"

"முன்பு நான் ஆசானைப் பெயர் சொல்லி அழைத்தேன். கதவைத் தட்டாமல் நுழைந்தேன். உங்கள் கருத்து தவறு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். எங்கள் ஊரில் அதுவே மரியாதை. அவர் மனம் புண்பட்டு, இங்கே வழக்கம் வேறு, பெரியவர் அனுமதிக்கும்வரை பொறுமையாய்க் காத்திரு என்றார்."

"அதனால?"

"காத்திருக்கிறேன்."

"அடப்பாவமே! சிஸ்டர், உங்களுக்கு என்ன சொன்னார்?"

"நான் ஒவ்வொரு வரிக்கும் போன் பண்ணி இது போடலாமா சார், அது எடுக்கலாமா சார்னு கேப்பேன் மேடம். 'நான் டாக்டர் இல்ல, நீ சொந்தமா முடிவெடு'ன்னு சொல்லி போனையே எடுக்கறதை விட்டுட்டார்."

இன்ஸ்பெக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேசாதவரைப் பேசச் சொல்லி, பேசினவளை வாயை மூடச் சொல்லி, கேட்டவளுக்குப் போனை எடுக்காம... என்னைக் கேட்டா, எப்பவோ கொலை ஆகியிருக்க வேண்டிய ஆளு!"

மேஜை மேல் கிடந்த பிணத்தின் காது...

லேசாகச் சிவந்தது!

யாரும் கவனிக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் நாலரையைத் தாண்டியது. சிஸ்டரின் கண் அதிலேயே இருந்தது.

"அறையை சீல் வைக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாரும் கிளம்புங்க."

சீல்! வழக்கு! விசாரணை! அப்புறம் கையெழுத்தாவது, பட்டமாவது!

சிஸ்டர் மூச்சை இழுத்துவிட்டாள்.

"மாட்டேன்."

"என்னது?"

"சொந்தமா முடிவெடுக்கச் சொன்னாரில்ல? எடுத்துட்டேன்!"

மாஜியின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே பாய்ந்தாள்!

"ஏய்... கைரேகை... கைரேகை அழிஞ்சிடும்!"

அவள் கேட்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி குதிரை மாதிரி ஓடியது!

"உயிர் இருக்கு!"

"மயக்கமா?" இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "டீல ஏதாவது கலந்திருப்பாங்களோ?"

சிஸ்டர் பேராசிரியரை மெல்ல நாற்காலியில் சாய்த்தாள். அவர் தலை பின்னால் தொங்கியது. அவருடைய வலது கையைத் தூக்கினாள். சரியாக அவர் முகத்துக்கு மேலே கொண்டுபோய்...

விட்டுவிட்டாள்!

கை விழுந்தது. மூக்கில் விழ வேண்டிய கை, பாதி வழியில் யோசித்து, ஒதுங்கி, பத்திரமாக மடியில் போய் விழுந்தது.

மறுபடி தூக்கினாள். மறுபடி விட்டாள்.

மறுபடியும் மடி!

சிஸ்டரின் முகம் மாறியது.

"சார்."

அவர் காதருகே குனிந்தாள்.

"நிஜமா மயங்கினவங்க கை மூஞ்சிலதான் சார் விழும். வேணும்னே நடிக்கறவங்க கைதான் இப்படி நாகரிகமா ஒதுங்கும். என்னோட நாலாவது அத்தியாயம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கேன்."

அவள் ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டினாள்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடியே கொடுத்தேனே சார். நாலாவது அத்தியாயம்... நீங்க படிக்கவே இல்ல, இல்லையா?"

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது!

"மூணாவதும் படிக்கலம்மா..."

* * *

"ஏன் சார் இந்த நாடகம்?" இன்ஸ்பெக்டர் கர்ஜித்தார்.

பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து 'படிக்கல'ன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. வழிகாட்டி ஆஸ்பத்திரியில படுத்தா மாணவிக்கு மூணு மாசம் அவகாசம் கொடுப்பாங்க. அதுக்குள்ள படிச்சிடலாம்னுதான்... மத்தியானம் படுத்தேன். இந்தச் செந்தமிழ் வந்து பாத்து ஆம்புலன்ஸ் கூப்பிடும்னு நெனச்சேன். அது என்னடான்னா கையைக் கட்டிக்கிட்டு நிக்குது! எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு! அப்புறம் போலீஸே வந்ததும் எழுந்திருக்கவும் தைரியம் வரல!"

"நீங்கள் அனுமதி அளிக்கவில்லை, ஆசானே," என்றாள் செந்தமிழ்.

"படிச்சவர் பண்ற வேலையா சார் இது?" மாஜி தலையைப் பிடித்துக்கொண்டார். "பிணம்னு நம்பி இன்ஸ்பெக்டரை வரவழைச்சிட்டேனே!"

"என்னைச் சந்தேகப்படுன்னு சொன்னேனே, எங்கேய்யா சந்தேகப்பட்டே?" பேராசிரியர் பாய்ந்தார். அந்த நிலையிலும் வழிகாட்டத் தவறவில்லை, மனுஷன்.

கடிகாரம் ஐந்தை நெருங்கியது.

"கொடும்மா பேனாவை!" பேராசிரியர் கை நீட்டினார். "இப்பவே போட்டுடறேன். ஓடிப்போய் கொடுத்துடு. வழக்கு, வம்பு எதுவும் வேணாம்."

அவள் இத்தனை வருடம் காத்திருந்த கையெழுத்து! பேனா நுனி தாளைத் தொடப்போகும் நேரம்...

சிஸ்டர் ஆய்வேட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்!

"வேணாம் சார்."

"என்னம்மா சொல்றே? மணி ஆகுது!"

"வார்டு முடிஞ்சு வந்து, புள்ளைங்களைத் தூங்க வெச்சுட்டு எழுதினது சார். யாருமே படிக்காத புத்தகத்துக்கு டாக்டர் பட்டம் வாங்கி நான் என்ன பண்ண?"

பையிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்து அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். அழுத்தினாள். பார்த்தாள்.

"பயத்துல பிரஷர் எகிறியிருக்கு. இது நடிப்பு இல்ல, நிஜம். மேடம், ஆம்புலன்ஸ் சொல்லுங்க!"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா!"

"அட்மிட் ஆகற எல்லாரும் இதைத்தான் சார் சொல்வாங்க."

* * *

அவகாசம் கிடைத்தது. பேராசிரியருக்குக் கட்டிலும் கிடைத்தது.

யாருடைய வார்டு என்று கேட்கவே வேண்டாம்.

போன் பிடுங்கப்பட்டது. பத்திரிகை, டீ, பார்வையாளர்... எல்லாம் தடை. படிக்க ஒரே ஒரு ஆய்வேடு. முதல் நாள் முறைத்தார். மறுநாள் புரட்டினார். அதற்கப்புறம் சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல் படித்தார். நாலாவது அத்தியாயத்தில் தன் கையைத் தானே தூக்கி, முகத்தின் மேல் விட்டுப் பார்த்தார்.

கடைசிப் பக்கத்தை மூடியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"அருமையா எழுதியிருக்கேம்மா. ஒரு இடத்துலகூட கை வைக்க வேண்டியதில்ல. இதை இத்தனை நாள் படிக்காம வெச்சிருந்தேனே!"

கையெழுத்துப் போட்டார். அழுத்தமாக!

சிஸ்டர் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"பிரஷரும் இறங்கிடுச்சு," பேராசிரியர் உற்சாகமாகக் காலைக் கீழே வைத்தார். "நான் வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே மாஜி. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த காகிதக் கட்டு! அவருக்குப் பின்னால் செந்தமிழ். அவளிடம் அதைவிடப் பெரிய கட்டு!

பேராசிரியர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். கண்ணை மூடினார். கை தொங்கியது.

சிஸ்டர் பக்கத்தில் போய் அந்தக் கையைத் தூக்கினாள். முகத்துக்கு மேலே கொண்டுபோய் விட்டாள்.

'பொத்!'

சரியாக மூக்கின் மேல்!

"பரவாயில்ல சார்," என்றாள் சிஸ்டர். "இப்பதான் நல்லாப் படிச்சிருக்கீங்க. கண்ணைத் திறங்க... அடுத்தது மேற்படி மாஜியோடது!"