கிளீனர் சீட்

திலக் நகரில் நான் வேலை பார்க்கும் டிபன் கிச்சனில் அன்று காலையிலேயே அடுப்பை அணைத்துவிட்டார்கள். தெருவெல்லாம் மழைத் தண்ணீர், டப்பா எடுத்துப் போக ஆள் வரவில்லை. நனைந்துகொண்டே சீத்தா கேம்ப் வந்து சேர்ந்து வீட்டைத் திறந்தேன். வாசலில் என் வீட்டுக்காரருடைய செருப்பு இல்லை, குடையும் இல்லை. தாராவிக்கு ரெக்ஸின் துண்டு வாங்கப் போவதாக முந்தின நாள் சொல்லியிருந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது மேலே சத்தம் கேட்டது.

டொக்.

எங்கள் வீடு ஒரே அறை. அதற்கு மேல் இரும்பு ஏணி வைத்து ஏறுகிற இன்னொரு தகர அறை. அங்கேதான் என் வீட்டுக்காரர் பிரைட்டன், பொம்மை லாரிகள் செய்வார். பன்வேலைத் தாண்டி வண்டி கவிழ்ந்து கால் ஒடியும்வரை நிஜ லாரி ஓட்டினார், பிறகு உட்கார்ந்தபடி சின்ன லாரி. நான் ஊருக்கெல்லாம் சோறு பொங்கிக் கை வெந்து வர, இவர் மேலே உட்கார்ந்து பழைய ரப்பர் செருப்பில் டயர் வெட்டிக்கொண்டிருப்பார். அதைச் சொல்லி நான் கரித்துக் கொட்டாத நாள் இல்லை.

ஆனால் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் டின்னை வெட்டி பாடி, உடைந்த பவுடர் டப்பாக் கண்ணாடியில் சைடு மிரர், டீத்தூளை அரைத்துப் பசையில் குழைத்துத் துரு. கண்ணேறு படாமலிருக்க லாரிக்குப் பின்னால் தொங்கவிடும் பழஞ்செருப்பைக்கூட விரல் நகம் அளவுக்குச் செய்து தொங்கவிடுவார். கைக்குழந்தை நீளம்தான் இருக்கும், ஆனால் கிட்டப் போனால் டீசல் வாடை வருகிற மாதிரி இருக்கும்.

இப்போது மேலே இருந்தது அன்று கவிழ்ந்த அதே லாரியின் குட்டி உருவம். முதலாளி வெங்கடேஷுக்கு அதுதான் முதல் வண்டி. புது ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அதன் மாடல் கேட்டிருந்தார். கால்தான் கூடிவிட்டதே, மாடலைக் கொடுத்துவிட்டுப் புது லாரியின் சாவியை வாங்கிக்கொள், மறுபடியும் நீயே டிரைவர் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

டொக்.

எலி என்று நினைத்து விளக்குமாற்றோடு ஏறினேன்.

மேலே யாரும் இல்லை. கூரையில் மழை கொட்டியது. பலகையின் மேல் லாரி நின்றது. வர்ணம் காய்ந்து பளபளவென்று இருந்தது. கதவின் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். வலது பக்கம் டிரைவர் சீட், ஸ்பாஞ்ச் வைத்து ரெக்ஸின் ஒட்டி, உப்பலாகப் புதிதாக இருந்தது.

இடது பக்கம் கிளீனர் சீட் அமுங்கியிருந்தது.

யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி அமுங்கியிருந்தது. விரலை விட்டுத் தட்டினேன், உப்பிவிட்டது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினேன்.

மறுபடியும் அமுங்கியிருந்தது.

பள்ளத்துக்கு முன்னால், சீட்டின் விளிம்பில், இன்னொரு குட்டிப் பள்ளம். குதிகால் பதிந்த மாதிரி.

பின்னால் நகர்ந்தபோது பலகையிலிருந்த பிஸ்கட் டின்னில் கை பட்டு அது கீழே விழுந்து திறந்துகொண்டது. உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன சீட்டுகள். மாடலிலிருந்து பிய்த்துப் போட்டவை. எல்லாம் கிளீனர் சீட். எல்லாவற்றிலும் அதே பள்ளம், அதே குதிகால்.

இந்த மனுசன் திரும்பத் திரும்ப ரெக்ஸின் வாங்க அலைந்தது இதற்குத்தான் என்று அப்போது புரிந்தது.

அந்தக் குதிகாலை எனக்குத் தெரியும். மாரிக்கண்ணன் அவர் வண்டியில் கிளீனராக இருந்தவன். கேம்ப் வாசலில் லாரி நிற்கும்போது நான் சாப்பாடு கொண்டுபோவேன். இடது காலை மடக்கிக் குதிகாலை சீட்டின் மேலேயே வைத்து, முட்டியில் தட்டைச் சாய்த்துக்கொண்டு சாப்பிடுவான். "ரெக்ஸின் கிழியுதுல்லா, கால இறக்குலே" என்பேன். "இறக்குனா எனக்குச் சோறு இறங்காது மதினி" என்பான். வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கதவில் தட்டி அவருக்குச் சொல்வான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் பாதை சும்மா கிடக்கிறது, போகலாம். அந்தச் சத்தம் எங்கள் சந்துவரை கேட்கும்.

லாரி கவிழ்ந்த அன்று பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் செத்தார்கள். மாரியும் வெளியே எறியப்பட்டுச் செத்தான். "நான் தூங்கிட்டேன், லைசென்ஸ் இல்லாத பய ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டான்" என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே இவர் போலீசுக்குச் சொன்னார். கேம்பே நம்பியது. நானும்தான் நம்பினேன். மாரியின் அம்மா சொர்ணம்மாள் எங்கள் சந்தின் கடைசி வீடு. அவள் குழாயடிக்கு வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். ரெண்டு பேரைக் கொன்னவனோட ஆத்தா என்று காதுபடவே சொல்வார்கள்.

அவர் ஏணி ஏறி வந்தபோது நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் புது ரெக்ஸின். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"கால மடக்கி சீட்டுல வச்சிக்கிட்டு லாரி ஓட்ட முடியுமாங்க?" என்று கேட்டேன்.

அவர் ஓரக்கண்ணால் லாரியைப் பார்த்தார்.

டொக்.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு சொக்கிட்டு ஜெஸி" என்றார். "அவன் தட்டிக்கிட்டே இருந்தான். ஒத்தத் தட்டு. ஒத்தத் தட்டு. கனவுல கேக்குன்னு நெனச்சிட்டேன்."

இந்த மனுசனுக்கா இத்தனை நாள் கால் அமுக்கிவிட்டேன் என்று டின்னைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். இறங்கிப் போய் சொர்ணம் அத்தையைக் கையோடு கூட்டிவந்தேன். மழையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏணி ஏறினாள். ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டு அந்தக் குட்டிப் பள்ளத்தைத் தடவினாள்.

"இவனுக்குச் சின்னதுலேருந்தே கால தொங்கப் போட்டு உக்காரத் தெரியாது" என்றாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். "வண்டிய யாரு ஓட்டுனா தம்பி?"

"நான்தான் அத்தை."

அவள் அழவில்லை. "எம்மவன் போனது போனதுதான். குழாயடியில நின்னு, எல்லாரும் கேக்க, அவன் ஓட்டலன்னு ஒரு வாட்டி சொல்லிரு. எனக்கு அது போதும்."

"புது வண்டிய இங்கதான் கொண்டு வருவேன் அத்தை. கேம்பே கூடும். அன்னைக்குச் சொல்லுதேன். வேதத்து மேல சத்தியம்."

அன்றோடு தட்டல் நின்றது. மாடலைத் துணியில் சுற்றும்போது கவனித்தேன், கிளீனர் சீட் உப்பலாக இருந்தது. பாவம், மனசு ஆறி எழுந்து போய்விட்டான் என்று நினைத்தேன்.

புது லாரி வந்த அன்று மழை விட்டு நல்ல வெயில். செவ்வந்தி மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். சந்து முழுக்க ஆள். சொர்ணம் அத்தை வெளுத்த புடவை கட்டி முன்னால் வந்து நின்றாள். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அவளுக்கும் கொடுத்தார். ஆண்டவர் கிருபை என்றார், முதலாளி தங்கமான மனுசன் என்றார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

"கிளீனர் யாரு அண்ணாச்சி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"கிளீனரே வேண்டாம்வே. பட்டதெல்லாம் போதும்" என்று சிரித்தார்.

கூட்டமும் சிரித்தது. சொர்ணம் அத்தை லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், தின்னவில்லை.

எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார், இன்ஜின் உறுமியது. நான் இடது ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். கிளீனர் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை.

அந்த உறை சரசரத்தது.

மெல்ல அமுங்கியது. பிறகு விளிம்பில், ஒரு குதிகால் அளவுக்கு, தனியாக அமுங்கியது.

அவரும் பார்த்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

என் பக்கத்துக் கதவில், வெளியே யாருடைய கையும் இல்லாத இடத்தில், சத்தம் கேட்டது.

டொக். டொக்.

பாதை சும்மா கிடக்கிறது, போகலாம்.

அவர் கண்ணை மூடித் திறந்து கியரைப் போட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. லாரி மெயின் ரோட்டுப் பக்கம் நகர்ந்தது.

இறங்குங்க என்று ஒரு சத்தம் என் தொண்டைவரை வந்தது. நான் அதை விழுங்கிக்கொண்டேன்.

சொர்ணம் அத்தை இடது ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"பாத்துப் போலே மாரி" என்றாள்.