கில்லாடியின் ஃபோனில் ஓடிய பந்தயம்

பகல் இரண்டு மணி. விளையாட்டுகளுக்குப் படம் வரையும் ஓவியக்காரியிடம் சாவி வாங்கி, பூட்டியிருந்த கம்ப்யூட்டர் அறையைத் திறந்த முதலாளி, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் வெளிவர வேண்டிய கணினி விளையாட்டு, அங்கிருந்த கணினியிலிருந்து துடைத்துப் போட்டாற்போல் அழிந்திருந்தது. நகல் வைத்த டிஸ்க்கும் அதே கணினியில் செருகியிருந்ததால் அதுவும் காலி.

"நான் கதவத் திறக்கவே இல்ல சார்!"

"சாவி உங்கிட்ட. பேயா வந்து அழிச்சுது? திருடிக்கு இங்க வேலை இல்ல. நாளைலேர்ந்து வராத."

அரைமணியில் முதலாளியின் அக்கா வந்தாள். போலீஸ் இன்ஸ்பெக்டர். தம்பி என்பதற்காகத் தலையைத் தடவிக்கொடுக்கிற ஆள் இல்லை.

"சாப்பாட்டு நேரத்துல யார் எங்க?"

"நான் பேங்க்ல. இவ இங்க முன்னறையில தனியா வரஞ்சிட்டிருந்தா. கில்லாடி சாப்பாட்டு அறையில, அக்கா."

கில்லாடி என்பது புரோகிராம் எழுதுகிறவனுக்கு எல்லாரும் வைத்த பெயர். அவனே ஆரம்பித்தான்.

"கம்ப்யூட்டர்ல ஆடற கார் ரேஸை ஃபோன்லயே ஓட வெச்சேன் மேடம். பக்கத்து ஆபீஸே வேடிக்கை பாத்துது. நடுவுல ஒரு தடவை மெசேஜ் பாத்தேன், அவ்ளோதான்."

"ஃபோனுக்குள்ளயே ஓடுதா?"

"பின்னே? பாருங்க."

பெருமை யாரை விட்டது! ஓடவிட்டு நீட்டினான். அவள் வாங்கி ஆடினாள். இரண்டு முறை மோதினாள். நன்றாகவே ஓடியது. கையில் ஃபோன் சில்லென்றிருந்தது.

"என் ஃபோன்ல இத முயற்சி பண்ணப்ப அடுப்பாட்டம் கொதிச்சுது. அரை மணியில சார்ஜ் போச்சு" என்றார் முதலாளி.

"அதுக்கெல்லாம் கை வேணும் சார்."

அக்காவின் முகம் மாறியது. "தம்பி, உள்ள போய் அந்தக் கம்ப்யூட்டர் ஸ்கிரீனைப் பாரு."

கில்லாடி பாய்ந்து ஃபோனைப் பிடுங்கப் பார்த்தான். அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

ஆளில்லாத அறையிலிருந்து முதலாளி அலறினார். "அக்கா! இங்க கார் ஓடுது!"

அக்கா பிடியைத் தளர்த்தாமல் கில்லாடியிடம் திரும்பினாள்.

"உழைக்கிறது அந்தக் கம்ப்யூட்டர். இங்க வர்றது வெறும் படம். அதான் இது சூடாகல. மெசேஜ் பாக்கற சாக்குல ஆட்டத்த ஒதுக்கிட்டு, இந்த ஃபோன் வழியாவே அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து விளையாடி, எல்லாத்தையும் அழிச்சிருக்க. சாட்சிங்க கண்ணு முன்னாடியே. அழிக்கறதுக்கு முன்னாடி நீ எடுத்து வெச்ச நகல் எங்க?"

"வீட்டுல..." அவன் குரல் உடைந்தது. "லாபத்துல எனக்குத் தர்றேன்னு சொன்ன பங்க இவளுக்குக் குடுத்தாரு!"

முதலாளிக்குப் போன உயிர் திரும்பியது. ஓவியக்காரியிடம் வந்து அசடு வழிந்தார். "மனசுல வெச்சுக்காதம்மா. நாளைக்கு வந்துரு."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"அவர் திருடினது உங்க ஆட்டத்த, சார். என்னைத் திருடின்னு சொன்னது நீங்க."

அக்கா தம்பியைப் பார்த்தாள். இந்த வழக்கில் அவனுக்குச் சாதகமாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.