குரங்கு ஏன் இன்னும் குரங்காக இருக்கிறது?

கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மண்டையோடுகள் இருந்தன. ஒன்று மனிதனுடையது, மற்றது சிம்பன்சியுடையது. நையேரி ஊரின் சின்ன அருங்காட்சியகத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முண்டியடித்துப் பார்த்தார்கள்.

"பல்லைப் பாரேன். அப்படியே கிதின்ஜி சிரிக்கிற மாதிரி இருக்கு!" என்றாள் கதோனி.

"நான் இதைவிட அழகாச் சிரிப்பேன்," என்று இளித்துக் காட்டினான் கிதின்ஜி.

விளக்கம் சொல்ல வந்தவர் ஒசோலா என்ற இளைஞர். வேலைக்குப் புதிது. சுட்டிக் காட்டக் கையில் ஒரு குச்சி வைத்திருந்தார்.

"மனிதர்கள் எப்படி உருவானாங்கன்னு..." என்று அவர் தொடங்கினார்.

"தெரியும் அண்ணே! குரங்குதான் மனுசனாச்சு," என்றான் கிதின்ஜி. "அப்படின்னா எங்க பள்ளிக்கூடத்து மரத்துல இருக்கிற குரங்கெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்கு? பரீட்சையில ஃபெயிலா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒசோலா ஏதேதோ பெரிய சொற்களைச் சொன்னார். ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

கதோனியின் பார்வை பக்கத்து மேசைக்குப் போனது. அங்கே அட்டைகள் கிடந்தன. பார்க்க வருபவர்கள் போகும்முன் தங்களுக்குப் புரிந்ததை ஒரு வரியில் எழுத வேண்டும். முந்தைய கூட்டத்தில் ஒருவர், 'மரம் ஏறிக் களைத்த குரங்குகள் மனிதர்கள் ஆயின' என்று எழுதியிருந்தார்.

"நாலு கூட்டமும் இப்படித்தான் எழுதிட்டுப் போச்சு, டீச்சர்," என்று ஒசோலா பிள்ளைகளோடு வந்திருந்த முகாமி டீச்சரிடம் மெல்லச் சொன்னார். "இன்னைக்குச் சாயங்காலம் எங்க மேலதிகாரி செரோனோ அம்மா அட்டையெல்லாம் படிப்பாங்க. இதுவும் இப்படியே இருந்தா வேலை போயிடும். நாளைக்கு ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்."

அது காதில் விழுந்த கதோனிக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. நாம் சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

அப்போது டீச்சர் திரும்பி, "கதோனி, கண்ணாடிமேல சாயாதே!" என்றார்.

இரண்டு சிறுமிகள் ஒரே நேரத்தில் துள்ளி விலகினார்கள். ஒசோலா திகைத்தார்.

"ரெண்டு பேருமா கதோனி? இரட்டைப் பிள்ளைங்களா?"

"இல்லைண்ணே. இவ என் சித்தப்பா பொண்ணு, சின்னக் கதோனி," என்றாள் கதோனி. "மூத்த பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரைத்தானே வைப்பாங்க? எங்க ரெண்டு அப்பாவுக்கும் ஒரே அம்மா. அவங்க பேரும் கதோனி."

சொல்லி முடித்ததும் அவளுக்குள் ஏதோ பளிச்சென்றது. கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை பார்த்தாள்.

"டேய் கிதின்ஜி, நான் சின்னக் கதோனியிலேருந்தா வந்தேன்?"

"லூசா நீ? அவ உன்னைவிட ரெண்டு மாசம் சின்னவ."

"நான் பொறந்ததால அவ காணாமப் போயிட்டாளா?"

"இதோ நின்னு மூக்கை நோண்டிட்டு இருக்காளே!"

"நோண்டல!" என்றாள் சின்னக் கதோனி, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"ரெண்டு பேரும் ஒரே பாட்டிகிட்டேயிருந்து வந்தோம். பாட்டிக்கு முன்பல்லுல சந்து இருந்துச்சாம். அது எனக்கு வந்துச்சு, இவளுக்கு வரல. இவளுக்குப் பாட்டியோட சுருட்டைப் புருவம். அண்ணே, இந்த மண்டையோடு ரெண்டும் அப்படித்தானா?"

ஒசோலா குச்சியால் இரண்டு மண்டையோடுகளையும் மாறி மாறிச் சுட்டிக் காட்டினார்.

"அப்படியேதான்!" என்றார். "நமக்கும் சிம்பன்சிக்கும் ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரே முன்னோர். ஒரு பாட்டி இல்ல, பெரிய கூட்டம். அவங்க மனுசனும் இல்ல, இன்னைக்கு இருக்கிற சிம்பன்சியும் இல்ல. தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமா மாறி, சிம்பன்சி ஒரு பக்கம் போச்சு, நாம ஒரு பக்கம் வந்தோம். உங்க மரத்துக் குரங்கு சிம்பன்சியைவிடவும் தூரத்துச் சொந்தம்."

"அப்போ அது ஃபெயில் ஆகல," என்றான் கிதின்ஜி யோசனையோடு. "எனக்கும் தாத்தா பேருதான். மூணு பெரியப்பா வீட்டுலயும் ஆளுக்கொரு கிதின்ஜி இருக்கான்!"

"நாலு கிதின்ஜியா? கடவுளே!" என்றார் டீச்சர்.

சின்னக் கதோனி அக்காவின் காதோரம் வந்தாள். "கடவுள்தானே நம்மளப் படைச்சார்?"

"ஆமா. அவசரமே படாமப் படைச்சிருக்கார் போல," என்றாள் கதோனி. சின்னவளுக்கு அது பிடித்திருந்தது.

பிள்ளைகள் அட்டைகளை எழுதி முடித்தபோது செரோனோ அம்மாவே வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஒவ்வொன்றாகப் படித்தார். ஒசோலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"'குரங்கு என் தாத்தா இல்லை. தூரத்துச் சொந்தம். ஆனால் விருந்துக்குக் கூப்பிட மாட்டேன்.' இது யாரு?"

கிதின்ஜி பாதிக் கையை உயர்த்தினான்.

செரோனோ அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மீதி அட்டைகளையும் படித்துவிட்டு, "ஒசோலா, திங்கட்கிழமை வந்து சீருடை வாங்கிக்கோங்க," என்றார்.

ஒசோலா பிள்ளைகளை வாசல்வரை வந்து வழியனுப்பினார். "அந்தப் பல் சந்தை எல்லாக் கூட்டத்துக்கும் சொல்லப்போறேன். சொல்லலாமா?" என்று கதோனியிடம் கேட்டார்.

"தாராளமா. என் பாட்டிக்குப் பெருமைதான்," என்றாள் அவள்.

வெளியே மரத்தடியில் கிதின்ஜி தன் மண்டாசியை, எண்ணெயில் பொரித்த இனிப்பு ரொட்டியை, பொட்டலத்திலிருந்து பிரித்தான். ஒரு வாய் கடிப்பதற்குள் சரக்கென்று இறங்கிய குரங்கு ஒன்று அதைப் பறித்துக்கொண்டு கிளைக்குத் தாவியது.

"ஏய்! சொந்தக்காரனா இருந்தா கேட்டு வாங்கணும்!" என்று கத்தினான் கிதின்ஜி.

வாசலில் நின்ற ஒசோலாதான் முதலில் சிரித்தார். கதோனி தன் மண்டாசியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவன் கையில் வைத்தாள்.

"நீதான் கூப்பிட மாட்டேன்னு எழுதின. அதான் அதுவே வந்துடுச்சு!"