வேகம் குறைக்கும் வரி

பகல் ஷிப்ட் முடிந்து வந்த சந்தனமாரி முகம்கூடக் கழுவாமல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் வேலை வேகத்தை அளக்கும் கதிப்பட்டை இன்னும் சூடாக இருந்தது. துறைமுகக் கிடங்கில் நிமிடத்துக்குப் பதினாலு பெட்டி தூக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பட்டை சுருக்கென்று கடிக்கும். ஒரு நாளில் முப்பது கடி வாங்கினால் மறுநாள் கேட் திறக்காது. இந்த வாரம் இரண்டு நாள் திறக்கவில்லை.

வேலை ஒப்பந்தத்தில் ஒன்பது பெட்டிக்குத்தான் கைரேகை வைத்ததாக அவளுக்கு ஞாபகம். எல்லாருடைய பதிவும் இருக்கும் பொதுநினைவகமோ பதினாலு என்கிறது. ஊர் முழுக்க அதனிடம் கேட்டுத்தான் நடக்கிறது. கம்பெனிக்காரன் அதில் திருத்திவிட்டான் என்று புகார் கொடுத்திருந்தாள் இவள். செத்துப்போன புருஷனின் இந்தப் பழைய கணினி எந்த வலையிலும் சேராதது. யாரும் திருத்த முடியாத ஒப்பந்த நகல் இதில் இருக்கிறது. நாளை விசாரணை.

கணினியோ பாதி எழும்பி நின்றுவிடுகிறது. டெலீட் பொத்தானை அழுத்தியதும் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் நீலத்திரை வந்தது.

"இது வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே, மயினி," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார் முத்துப்பேச்சி.

"இதுக்கு நாமதான் சொல்லணும்ட்டி."

மெமரி வேகம் என்ற வரியில் 'ஆட்டோ' என்றிருந்தது. அதன்கீழ் 533, 667, 800.

"பெருசா வைங்க. தெம்பா எந்திரிக்கும்."

800 வைத்தாள். திரை இருண்டது. நீளமாக மூன்று பீப்.

"ஒங்கண்ணன் மாதிரியே கத்துது."

பெட்டியைத் திறந்து, நாணயம் போலிருந்த பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். 800 வைத்ததை அது மறந்துவிட்டது. மெமரி அட்டையின் ஸ்டிக்கரில் 667 என்றிருந்தது. புதுசில் ஒட்டிய எண். ஆட்டோ இன்றைக்கும் அதை நம்பித்தான் தேய்ந்த அட்டையை விரட்டுகிறது.

533 வைத்துச் சேமித்தாள். மெல்ல எழும்பியது. நிற்கவில்லை.

நகல் திறந்தது. அவளுடைய இருபத்திரண்டு வயதுப் படம், தோள் இரண்டும் திரண்டு. கீழே, நிமிடத்துக்குப் பதினாலு. கைரேகையில் பெருவிரல் வெட்டுத்தழும்பு வரை அவளுடையதே.

"ஒம்பதுன்னியளே மயினி?"

"அப்பம் பதினாலு ஒம்பது மாதிரிதாம்ட்டி இருந்துச்சு."

கடைசிப் பக்கம் வரை நகர்த்திப் பார்த்தாள். வேகத்தைக் குறைக்க அதில் வரி இல்லை.

"நாளைக்கு விசாரணைக்குப் போவமா?"

"எதுக்கு? ஷிப்டுக்குப் போறேன்," என்று கணினியை அணைத்தாள். "கேட் தொறந்தா."